முகம் கோணியதும் முட்டு வீங்கியதும் ஒரே நோயா?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். என் மகன் அமெரிக்காவில் கனெக்டிகட்டில் வேலை பார்க்கிறான். போன வருஷம் ஜூனில் காட்டுப் பாதையில் நடந்துவிட்டு வந்தவனுக்குத் தொடையில் உள்ளங்கை அகலம் சிவந்து, பெரிதாகி, தானே மறைந்தது. ஆகஸ்டில் வாய் ஒரு பக்கம் கோணியது. முகவாதம் என்று மாத்திரை சாப்பிட்டான், சரியாகிவிட்டது. இப்போது லீவில் வந்திருக்கிறான், வலது முட்டு வீங்கிக் கிடக்கிறது. லைம் நோயாக இருக்கும் என்கிறார் அவன் நண்பர். எலும்பை அரித்துவிடுமா? நரம்பு தளர்ந்துபோகுமா? பேரனுக்கு ஒட்டுமா? இங்கே எண்ணெய்க் கட்டுப் போடச் சொல்கிறார்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அம்மா, கட்டு வேண்டாம். நீர் கோத்துச் சூடாக இருக்கும் முழங்காலை உருவிவிட்டால் வீக்கம்தான் கூடும். மருந்தும் தள்ளிப்போகும்.

தடிப்பு, முகம், முட்டு என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிசையைப் பார்த்ததும் எனக்கும் அதே சந்தேகம்தான் வந்தது. கடித்தது மான் உண்ணியின் குஞ்சாக இருக்கலாம். கசகசா அளவுதான் இருக்கும், கடித்ததே தெரியாது. அதன் வழியாக உள்ளே போகிற பொரேலியா என்ற கிருமி முதலில் தோலில் பரவும். சில வாரங்களில் நரம்புக்குப் போகும். முகத்தை அசைக்கிற நரம்பு வீங்கினால் வாய் கோணும். சிலருக்கு இரண்டு பக்கமுமே கோணும். கழுத்து விறைத்துத் தலைவலி வரலாம். முதுகிலோ கை காலிலோ ராத்திரியில் சுரீர் என்று வலி ஓடலாம். முகம் தானாகவே நேராகிவிடும், ஆனால் ஆன்டிபயாடிக் கொடுக்காவிட்டால் கிருமி உடம்பிலேயே இருக்கும். மாதங்கள் கழித்து முட்டில் வந்து நிற்கும்.

எலும்பைப் பற்றிப் பயப்படாதீர்கள். அழற்சி எலும்பில் இல்லை, மூட்டின் உட்சவ்வில்தான். அந்தச் சவ்வு நீரைச் சுரக்கும். மகனைக் காலை நீட்டிப் படுக்கச் சொல்லி, தொடைப் பக்கமிருந்து கையால் கீழே தள்ளிப் பிடித்துக்கொண்டு, மறுகை விரலால் முட்டுச் சில்லை அமுக்கிப் பாருங்கள். மிதப்பது தெரிந்தால் உள்ளே நீர் கோத்திருக்கிறது. இந்த நோயில் வீக்கம் இருக்கிற அளவுக்கு வலி இருக்காது, நொண்டி நொண்டி நடந்துவிடுவார்கள். அதனால்தான் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். வருஷக்கணக்கில் விட்டால் குருத்தெலும்பு தேயும், பிறகு எலும்பும் கெடும். உங்கள் மகன் அந்த நிலைக்குப் போகவில்லை, போகவும் விடக்கூடாது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தனியாரிடம் போனாலும், ‘கனெக்டிகட்டில் இருந்தான், தொடையில் தடிப்பு வந்தது, முகம் கோணியது’ என்று முதலிலேயே சொல்லுங்கள். முட்டு வீக்கம் என்றால் நம் ஊர் டாக்டருக்கு சிக்குன்குனியா, யூரிக் அமிலம், டி.பி. எல்லாம்தான் முதலில் நினைவுக்கு வரும். அவர் மேல் குற்றமில்லை, இங்கே வருகிற நோய்கள் அவைதான். பேசத் தயங்காதீர்கள் அம்மா. 1975-ல் அதே கனெக்டிகட்டில் லைம் என்ற ஊரைச் சுற்றிப் பிள்ளைகள் பலருக்கு முட்டு வீங்கியபோது, தாய்மார் விடாமல் கேட்டதால்தான் ஆராய்ச்சியே தொடங்கியது. அதற்குப் பிறகு 1981-ல்தான் வில்லி பர்க்டார்ஃபர் என்ற விஞ்ஞானி உண்ணியின் குடலில் கிருமியைக் கண்டார்.

ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை பார்ப்பார்கள். இத்தனை மாதம் ஆனபிறகு லைம்தான் என்றால் அது கட்டாயம் காட்டும். முட்டு நீரையும் ஊசியால் எடுத்துப் பார்ப்பது நல்லது. லைம் என்று உறுதியானால் வழக்கமாக டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், தினம் இரண்டு வேளை, 28 நாள். வீக்கம் வடிந்ததும் பாதியில் நிறுத்தக்கூடாது. நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரமாவது படுக்காமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். இரும்பு, கால்சியம் மாத்திரை இருந்தால் இரண்டு மணி நேரம் தள்ளிப் போடட்டும். நம் வெயில் அந்த மருந்தோடு ஒத்துப்போகாது, தோல் கன்றிப்போகும். பகலில் குடை வேண்டும். ஒரு சிலருக்குக் கிருமி போனபிறகும் வீக்கம் நீடிப்பதுண்டு, அதற்கு மூட்டு மருத்துவரிடம் வேறு மருந்து இருக்கிறது. மருந்து சாப்பிடும்போதே கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, மறுபடி முகக் கோணல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பேரனுக்கு ஒட்டாது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிற நோய் இல்லை இது. தாராளமாக மடியில் வைத்துக் கொஞ்சட்டும்.

கேள்வி: ஆடு வளர்க்கிறேன். தினமும் உண்ணி பிடுங்குகிறேன். எனக்கும் லைம் நோய் வருமா?
– ஒரு வாசகர், கடையம்

பதில்: நம் ஆட்டு உண்ணி வேறு, அந்த மான் உண்ணி வேறு. நம் நாட்டில் லைம் நோய் அபூர்வம். மலையடிவாரத்தில் மேய்க்கிற நீங்கள் கவனிக்க வேண்டியது ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத பூச்சிக் குஞ்சு கடித்து வரும். காய்ச்சலும் தலைவலியுமாக இருந்தால் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் கருத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். சீக்கிரம் மருந்து கொடுத்தால் இரண்டொரு நாளில் காய்ச்சல் இறங்கும். தாமதித்தால் நுரையீரல், மூளை வரை போகும்.

உங்கள் மேல் உண்ணி ஏறிக் கடித்துக்கொண்டிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றுவதோ பீடியால் சுடுவதோ வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நகத்தால் நசுக்காதீர்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.