பெயரை மாற்றினால் புண் ஆறுமா?

கேள்வி: என் நாவலின் நாயகன் தங்கையைத் தவிக்க விட்டு ஓடிவந்து, வேறு பெயரில் வேறு ஊரில் வாழ்கிறான். கடைசி அத்தியாயத்தில் பழைய பெயரில் கையெழுத்துப் போடுகிறான். மனக்காயம் ஆறியதைக் காட்ட இது போதாதா?
– வாசகர், கரூர்

பதில்: போதாது. கையெழுத்து அவன் துணிச்சலைத்தான் காட்டும். சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் தந்த விக்தோர் ஹ்யூகோவின் நாவலை (1862) பென்சிலும் கையுமாக மறுபடி படியுங்கள்.

ரொட்டி திருடப்போய் 19 ஆண்டு சிறையில் கிடந்த ழான் வல்ழான், மதலேன் என்ற பெயரில் ஆலை நடத்தி மேயரும் ஆகிறான். ஊருக்குள் வந்த அன்றே தீயில் சிக்கிய போலீஸ் அதிகாரியின் பிள்ளைகளை மீட்டதால், யாரும் அவனிடம் அடையாளச் சீட்டான பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை. பொய்ப் பெயர் எப்படிச் செல்லுபடியானது என்பதற்கு ஹ்யூகோ இப்படிக் காரணம் வைக்கிறார். உங்கள் நாயகனின் ரேஷன் கார்டும் பள்ளிச் சான்றிதழும் என்ன ஆயின?

தனக்குப் பதில் வேறொருவன் தண்டனை பெறப்போகிறான் என்றதும் வல்ழான் நீதிமன்றத்தில் எழுந்து தன் பெயரைச் சொல்கிறான். யாரும் நம்பவில்லை. சாட்சி சொல்ல வந்த பழைய கைதிகளில் ஒருவனின் தோளில் உள்ள தீத்தழும்பையும், இன்னொருவன் கையில் பச்சை குத்திய தேதியையும் சொல்லித்தான் நிரூபிக்கிறான். நீங்கள் முடிவாக வைத்திருப்பது இந்தக் கட்டம். ஹ்யூகோவுக்கு இது ஐந்து பாகங்களில் முதல் பாகத்திலேயே வந்துவிடுகிறது. பிறகும் அவன் ஓடுகிறான், இன்னொரு பெயருக்குள் ஒளிகிறான்.

ஒளிந்து வாழ்வதன் வலியை வல்ழானின் வளர்ப்பு மகள் கொசேத்தின் கல்யாணத்தில் பாருங்கள். கட்டைவிரலில் அடிபட்டதாகக் கட்டுப்போட்டுக்கொண்டு வருகிறான், பதிவேட்டில் பொய்ப் பெயரை எழுதாமல் தப்பிக்க. மறுநாள் மாப்பிள்ளையிடம் தானாகவே உண்மையைச் சொல்கிறான். மகளாக வளர்த்தவளிடமோ காரணம் சொல்லாமல், “இனி என்னை அப்பா என்று கூப்பிடாதே, மிஸ்யே ழான் (திரு. ழான்) என்று கூப்பிடு” என்கிறான். சொந்தப் பெயரே தண்டனையாகிவிட்டது. மரணப் படுக்கையில் அவள் மறுபடி “அப்பா” என்று அழைக்கும்போதுதான் அவன் ஆறுகிறான். அந்த உறவுக்கு எந்தக் காகிதத்திலும் சாட்சி இல்லை.

இனி உங்கள் கைப்பிரதி. ஒரு தாளில் நாயகனின் ஒவ்வொரு பெயரையும், அப்படிக் கூப்பிடுபவர் யார், பழைய பெயர் தெரிந்தவர் யார் என்பதையும் எழுதுங்கள். ஊராருக்குத் தெரியாத பெயரைக் கதைசொல்லியும் ஆரம்பத்தில் சொல்லக்கூடாது. ஹ்யூகோ பல அத்தியாயங்களுக்கு அவனை மதலேன் என்றே எழுதுகிறார். பிறகு நரைத்த தலையைப் பார்த்து மாணவர்கள் வைத்த பட்டப்பெயரையே தானும் சொல்கிறார். முதல் வரியிலேயே பழைய பெயரைக் கொடுத்திருந்தால் அடித்துவிடுங்கள். முதுகுக்குப் பின்னால் யாரோ பழைய பெயரைக் கூப்பிட அவன் திடுக்கிடும் காட்சி பழசாகிவிட்டது, வேண்டாம். கட்டுப்போட்ட விரல் மாதிரி அன்றாடத்தில் அவன் தரும் விலை ஒன்றைத் தேடுங்கள்.

கையெழுத்தை இரண்டு அத்தியாயம் முன்னால் நகர்த்துங்கள். தங்கையை வரவழைத்து, அவன் ஏன் ஓடினான் என்பதை முழுக்கக் கேட்க வையுங்கள். அதற்கு முன்பே அவள் “அண்ணா” என்று சொல்லிவிட்டால் பழைய ஏமாற்றுதான் தொடரும். கேட்டு முடித்த பிறகு சொல்வாளா, மாட்டாளா? அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.