வாசகர் கேள்வி–பதில்: பிரெகோவிச்சும் பால்கன் பித்தளைக் குழலிசையும்

கே: கோரன் பிரெகோவிச்சை எமிர் குஸ்துரிட்சா படங்களின் இசையமைப்பாளராகத்தான் தெரியும். அதற்கு முன் பெரிய ராக் பாடகராக இருந்தாராமே?

ப: ராக்கில் பெரிய ஆள்தான், ஆனால் முன்னணிப் பாடகர் அல்ல. கிதார் வாசித்தார், பாட்டு எழுதினார், குழுவைக் கையில் வைத்திருந்தார். 1950 மார்ச் 22 அன்று சராயெவோவில் பிறந்தவர். அப்பா குரோவாசியர், யூகோஸ்லாவிய ராணுவ அதிகாரி, அம்மா செர்பியர். 1974இல் தொடங்கிய ‘பியெலோ துக்மே’ குழுவில் முதல் பத்தாண்டு பாடியவர் செல்கோ பெபெக். அவர் விலகியபின் மிளாதென் வோயிசிச்சும் அடுத்து அலென் இஸ்லாமோவிச்சும் பாடினார்கள்.

ஹார்டு ராக் கிதாருக்குள் கிராமத்து மெட்டைக் கொண்டுவந்து வைத்ததால் விமர்சகர்கள் ‘மேய்ப்பர் ராக்’ என்று கேலி செய்தார்கள். ஜனம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1977 ஆகஸ்டில் பெல்கிரேடின் ஹைதுச்கா செஸ்மாவில் நடந்த இலவசக் கச்சேரிக்குப் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். 1989இல் குழு கலைந்தது. 1992இல் போஸ்னியப் போர் மூண்டபோது பிரெகோவிச் பாரிஸில் இருந்தார். சினிமா வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

கே: ‘எதெர்லேசி’ அவர் இயற்றிய பாட்டுதானே?

ப: இல்லை. அது ஜிப்சிகள் எனப்படும் ரோமா மக்களின் மரபுப் பாட்டு. மே 6இல் வரும் புனித ஜார்ஜ் திருநாளுக்கு உரியது. 1988இல் வந்த ‘டைம் ஆஃப் த ஜிப்சீஸ்’ படத்துக்காக அதை வாஸ்கா யான்கோவ்ஸ்காவின் குரலில் மெதுவாகத் தொடங்கி, கூட்டுக்குரலால் பெருக்கிக் கட்டியதுதான் பிரெகோவிச்சின் கைவேலை. அதே 1988இல் பியெலோ துக்மேயின் கடைசி ஆல்பத்தில் அந்த மெட்டு வேறு வரிகளோடு ‘ஜுர்ஜெவ்தான்’ ஆனது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மெட்டு அசையாது; அதைச் சுற்றியிருப்பது எல்லாம் மாறியிருக்கும். ரோமா கலைஞர்களின் சொத்தில் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறார் என்ற குறை அவர்மேல் பலகாலமாக உண்டு. கோர்வைக்கான பாராட்டு அவருக்கு, மெட்டுக்கான பாராட்டு ரோமாக்களுக்கு என்று பிரித்துக்கொள்வதே எங்கள் வழக்கம்.

கே: ‘பிளாக் கேட், வைட் கேட்’ இசை?

ப: அவருடையது அல்ல, அது ‘நோ ஸ்மோக்கிங் ஆர்கெஸ்ட்ரா’ ஆட்களின் வேலை. 1985இல் வந்த ‘வென் ஃபாதர் வாஸ் அவே ஆன் பிசினஸ்’ படத்துக்கு இசை சோரான் சிம்யானோவிச். குஸ்துரிட்சாவுக்கு பிரெகோவிச் செய்தவை ‘டைம் ஆஃப் த ஜிப்சீஸ்’, 1993இல் இக்கி பாப் பாடிய ‘அரிசோனா ட்ரீம்’, கான் விழாவில் தங்கப்பனை வென்ற 1995இன் ‘அண்டர்கிரவுண்ட்’. இடையில் 1994இல் பத்ரீஸ் ஷெரோவின் ‘குயின் மார்கோ’வும் அவருடையது.

கே: எங்கள் குழு ‘சோசெக்’ என்ற பால்கன் நடன இசையை வாசிக்க முயல்கிறது. கொஞ்சம் வேகம் ஏறினால் தாளம் சிதறுகிறது, டிரம்பெட்டும் கிதாரும் சேர மறுக்கின்றன. என்ன கோளாறு?

ப: முதலில் எந்த சோசெக் என்று பாருங்கள். எட்டு எண்ணிக்கையில் ‘தகிட தகிட தக’ என்று போவது ஒன்று. ஒன்பதில் ‘தக தக தக தகிட’ என்று போவது இன்னொன்று. ஒன்பதில்தான் விபத்து நடக்கும். வேகம் கூடியதும் கடைசி மூன்றை ஒருவர் இரண்டாகச் சுருக்குவார், தாளம் எட்டாகிவிடும், அடுத்த சுற்றில் ஆளுக்கொரு இடத்தில் இருப்பீர்கள். கழுத்தில் தொங்கும் ‘கோச்’ என்ற பெரிய மத்தளத்தை பால்கனில் வாசிக்கும் முறையே இதற்கு மருந்து. கனத்த கோலால் ஒவ்வொரு பிரிவின் முதல் எண்ணிக்கையை மட்டும் அடிக்க வேண்டும். மறுகையிலுள்ள மெல்லிய குச்சி இடைவெளியை நிரப்பும். டியூபாவும் அந்த முதல் எண்ணிக்கைகளிலேயே நிற்கட்டும். டெனார் கொம்புகள் இரண்டாம் எண்ணிக்கையில் வெட்டி வாசிக்க வேண்டும். கடைசி ‘தகிட’வில் ‘கி’யில் மட்டுமா, ‘கி’, ‘ட’ இரண்டிலுமா என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒருவர் அப்படி, ஒருவர் இப்படி என்றால் கூழாகிவிடும். மெட்ரோனோமை ஒன்பது எண்ணிக்கைக்கும் தட்டவிட்டு நிமிடத்துக்கு 160இல் தொடங்கி, பத்துப்பத்தாக ஏற்றுங்கள்.

சுருதிக்கு வருவோம். கிதார்காரர் பழக்கத்தில் ஏ மைனரைப் பிடித்திருப்பார். பி ஃபிளாட் டிரம்பெட் எழுதியதைவிட ஒரு முழுத்தொனி கீழே ஒலிப்பதால், டிரம்பெட்காரருக்கு அது பி மைனராகிறது. ஈ மைனர் என்றால் எஃப் ஷார்ப் மைனர், விரல்கள் இன்னும் திண்டாடும். ஜி மைனருக்கு மாற்றுங்கள். டிரம்பெட்டுக்கு எளிய ஏ மைனர் கிடைக்கும். கிதாரில் மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு ஈ மைனர் வடிவத்தைப் பிடித்தால் போதும்.

இன்னொன்று, வாசிக்க வாசிக்கப் பித்தளைக் குழல்கள் சூடேறிச் சுருதி உயரும். மேடை விளக்கின் வெப்பத்தில் கிதார் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும். ஆகவே குழல்களைப் பத்து நிமிடம் ஊதிச் சூடாக்கியபின் சுருதி சேருங்கள். இரண்டு பாட்டு முடிந்ததும் கிதாரை மறுபடி பாருங்கள்.

நாதம் கீச்சென்று இருந்தால் டிரம்பெட்டைக் குறைத்து, அதன் மென்மையான உறவுக் குழலான ஃப்ளூகல்ஹார்ன் சேருங்கள். செர்பியாவின் குச்சா விழாவில் வாசிக்கும் குழுக்களின் உருண்டையான சத்தத்துக்குக் காரணம் அதுதான்.

கே: அவருடைய ‘வெட்டிங் அண்ட் ஃபியூனரல்’ குழுவில் எத்தனை பேர்?

ப: சிறிய வடிவில் பத்துப் பேர் அளவில். பெரிய வடிவில் பித்தளைக் குழல்கள், தந்திக் கருவிகள், ஆண்கள் கூட்டுக்குரல், பல்கேரியப் பாடகிகள் எனச் சுமார் நாற்பது. நடுவே வெள்ளை உடுப்பில் மின்கிதாரோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் பிரெகோவிச்.