எலிக்கு வச்ச கம் அட்டையில பூனைக்குட்டி மாட்டிக்கிச்சு!

கேள்வி: அக்கா, எலித் தொல்லை தாங்காம கிச்சன்ல கம் அட்டை வச்சிருந்தோம். ராத்திரி எங்க பூனைக்குட்டி அதுல விழுந்து ஒரு பக்கம் முழுக்க ஒட்டிக்கிச்சு. எண்ணெய் தடவி எடுத்துட்டோம், ஆனா முடியில இன்னும் பிசுபிசுப்பு இருக்கு, நக்கிட்டே இருக்கு. அதே அட்டையில ஒரு பல்லியும் செத்துக் கிடந்துச்சு. இனிமே ஃப்ரிட்ஜுக்கு அடியில, பூனைக்கு எட்டாம தள்ளி வச்சா போதும்னு வீட்டுக்காரர் சொல்றார். சரியா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: முதல்ல குட்டிய கவனிப்போம்மா. இழுக்காம எண்ணெய் போட்டு எடுத்தீங்களே, அதுவே பெரிய விஷயம், இழுத்திருந்தா முடியோட தோலும் சேர்ந்து வந்திருக்கும். மிச்சம் இருக்கிற பிசுக்குல இன்னும் கொஞ்சம் சமையல் எண்ணெய் தொட்டு விரலால மெதுவா தேய்ங்க, பசை இளகி வரும், பழைய துணியால துடைச்சுட்டு, பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு வெதுவெதுப்பான தண்ணில கலந்து கழுவி நல்லா அலசி உடனே துவட்டிடுங்க, ஈரத்தோட விட்டா குட்டிங்களுக்கு உடம்புச்சூடு சட்டுனு இறங்கிடும். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதையும் கிட்ட கொண்டு போகாதீங்க, தோல் புண்ணாகும், நக்கினா விஷம். தோல் உரிஞ்சிருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, சாப்பிடாம சுருண்டு படுத்தாலோ அன்னிக்கே வெட்டர்னரி டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிடுங்க.

இப்ப அட்டைக்கு வரேன். ஃப்ரிட்ஜுக்கு அடியிலயும் வேண்டாம், எங்கயுமே வேண்டாம். பல்லியும் அரணையும் நடமாடுறதே அந்த மாதிரி இருட்டு இடுக்குலதான். அட்டையில முதல்ல ஒட்டுறது பூச்சிங்க, அதத் தின்ன பல்லி வரும், மூஞ்சூறு வரும், மாட்டித் துடிக்கிற எலிய மோப்பம் புடிச்சு பாம்புகூட வரும், வந்ததெல்லாம் அதே பசையில சிக்கும். தோட்டத்துலயோ மாடியிலயோ வச்சா குருவி, அணில்குட்டி, தவளை, வௌவால்னு என்ன வேணா மாட்டும். பல்லி, மூஞ்சூறு ரெண்டுமே உங்க வீட்டுப் பூச்சியத் தின்னு உங்களுக்கு நல்லது பண்றதுங்க, அதுங்களையும் சேர்த்துதான் இந்த அட்டை கொல்லுது.

எலி மட்டும் மாட்டினா பரவால்லையான்னா, அதுவும் என்னால ஒத்துக்க முடியல. இதுல மாட்டுன எலி உடனே சாகாது, மணிக்கணக்கா, சில சமயம் நாள்கணக்கா உயிரோட கிடக்கும். விடுபடணும்னு இழுத்து இழுத்து தோல் கிழியும், எலும்பு ஒடியும், சிலது தன் காலையே கடிச்சுக்கும், மூக்கு பசையில பதிஞ்சா மூச்சு முட்டும், இல்லன்னா தாகத்துலயும் களைப்புலயும் சாகும். எலி வீட்டுக்குள்ள இருக்கக் கூடாதுங்கறதுல எனக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இல்ல, ஆனா எந்த உயிரையும் இப்படி சாகடிக்க வேண்டியதில்ல.

வீட்டுக்காரர்கிட்ட சொல்ல இன்னொரு காரணமும் இருக்கு. மாட்டுன எலி பயத்துல அங்கேயே மூத்திரம் போகும், எலிக்காய்ச்சல் மாதிரி நோயெல்லாம் பரவுறதே எலி மூத்திரத்துலதான், அதனால அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே கம் அட்டை வேண்டாம்னு சொல்லியிருக்கு. நியூசிலாந்து 2015லயே கட்டுப்பாடு போட்டுச்சு, வேல்ஸ் 2023 அக்டோபர்ல தடை பண்ணிடுச்சு, இங்கிலாந்துல 2024 ஜூலை 31ல இருந்து லைசன்ஸ் இல்லாம எலிக்கு இத வைக்கிறதே குற்றம்.

அப்ப எலிக்கு என்ன பண்றது? ஓட்டைய அடைக்கணும். இத செய்யாம எத்தனை எலி புடிச்சாலும் அடுத்தது வந்துட்டேதான் இருக்கும். பென்சில் நுழையுற அளவு இடம் இருந்தாலே சுண்டெலி வந்துடும், அதனால சிங்க் பைப் சுவருக்குள்ள போற இடம், கதவுக்கு அடியில இருக்கிற இடைவெளி, ஜன்னல் ஓரம் எல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க. ஸ்டீல் வூல்ங்கற இரும்பு நாரத் திணிச்சு மேல சிமெண்ட் பூசிடுங்க, வெறும் துணியோ தெர்மாகோலோ வச்சா கடிச்சுட்டு வந்துடும். தானியம், பூனைச் சாப்பாடு எல்லாம் மூடி போட்ட டப்பாவுல, ராத்திரி குப்பை வெளியில. ஏற்கனவே உள்ள இருக்கிறதுக்கு கூண்டுப்பொறி வைங்க, ஆனா காலைலயும் சாயங்காலமும் கட்டாயம் பாருங்க, மறந்துட்டா அதுவும் கொடுமைதான். எலி மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம், அதத் தின்ன எலிய உங்க பூனை தின்னா பூனைக்கும் ஆபத்து.

வேற வீட்டு அட்டையில ஏதாவது உயிரோட மாட்டியிருக்கிறதப் பாத்தீங்கன்னா, சுத்தி இருக்கிற பசை மேல முதல்ல டிஷ்யூ பேப்பர் ஒட்டிடுங்க, திரும்ப ஒட்டாம இருக்கும். பல்லி, அணில்னா பஞ்சுல எண்ணெய் தொட்டு கொஞ்சம் கொஞ்சமா விடுவிக்கலாம், மூக்கு வாய்ல மட்டும் படக் கூடாது, அணில் கடிக்கும், தடிமனான துணியால புடிங்க. பறவைன்னா எண்ணெய் வேண்டாம், இறக்கை கெட்டுடும், அட்டையோட காத்தோட்டமான டப்பாவுல வச்சு டாக்டர்கிட்டயோ வனவிலங்கு மீட்புக்காரங்ககிட்டயோ கொடுத்துடுங்க. பாம்பா இருந்தா நீங்க தொடவே தொடாதீங்க, ஆளக் கூப்பிடுங்க.

மிச்சம் இருக்கிற அட்டைய அப்படியே குப்பையில போடாதீங்கம்மா, அங்கயும் நாயோ பறவையோ ஒட்டிக்கும், பசைப் பக்கம் உள்ள போற மாதிரி மடிச்சு ஒட்டி, பேப்பர் சுத்தி போடுங்க.