வயலை ஈடு வைக்காதேங்கோ, பிள்ளை இரசாயனம் படிக்கட்டும்

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வந்த தாயும் தகப்பனும் முதலில் கேட்டது மகளைப் பற்றி அல்ல. முத்தையன்கட்டுத் தண்ணி பாயும் இரண்டு ஏக்கர் வயலை ஈடு வைக்கலாமா என்றுதான் கேட்டார்கள். மகள் கணிதப் பிரிவு. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி பொறியியலுக்கு எட்டவில்லை, பௌதிக விஞ்ஞானத்துக்குக் காணும். ரொறன்ரோவில் இருக்கும் தாய்மாமன், "கொழும்பில காசு கட்டி எஞ்சினியரிங் படிக்கட்டும், பாதி நான் தாறன்" என்று சொல்லிவிட்டாராம். மற்றப் பாதிக்குத்தான் வயல். பெரியப்பா வேறு, "பி.எஸ்ஸி முடிச்சதுகள் எல்லாம் வேலை கேட்டு ரோட்டில நிக்குதுகள்" என்று பயப்படுத்தி வைத்திருக்கிறார்.

பிள்ளையிடம் கேட்டேன், "உமக்கு என்ன விருப்பம்?" அவள் படிப்பைப் பற்றிச் சொல்லவில்லை. தமையனின் போன் உடைந்த கதையைச் சொன்னாள். கடைக்காரர் "இது அமோலெட் டிஸ்பிளே, விலை கூட" என்றாராம். "இருட்டில பாத்தா இதில கறுப்பு உண்மையாவே கறுப்பு, சேர். பழைய போன்ல சாம்பலாத் தெரியும். ஏன்?"

அதோடு நான் ஆறுதல் சொல்வதை விட்டுவிட்டேன். அம்மா, ஐயா, மாமனுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் பிள்ளைக்குப் பொறியியல் கிடைக்காதது இழப்பே இல்லை. அவள் கேட்ட கேள்வி இரசாயனக் கேள்வி.

பழைய திரையின் பின்னால் ஒரு விளக்கு ஓயாமல் எரியும். அதை மறைத்துத்தான் கறுப்பைக் காட்ட வேண்டும், கொஞ்சம் கசியும். அமோலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், கறுப்பு வேண்டுமென்றால் அணைந்துவிடும். ஒளிர்வது சிலிக்கன் அல்ல. உயர்தரத்தில் சேதன இரசாயனம் என்று படித்தாளே, அந்தக் காபன் சேர்வைகள். ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் மூலக்கூறுகளில் இலத்திரன் ஓடும், அவை குறைகடத்தியாகும். கோடக் நிறுவனத்தில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் 1987இல் பத்து வோல்ற்றுக்கும் குறைவான மின்னில் இப்படியொரு மெல்லிய படலத்தைப் பச்சையாக ஒளிரவைத்தார்கள். மின்கடத்தும் பல்பகுதியங்களுக்காக, அதாவது ஒரே துண்டு திரும்பத் திரும்பக் கோத்த நீண்ட சங்கிலி மூலக்கூறுகளுக்காக, 2000ஆம் ஆண்டு நோபல் பரிசே கொடுத்தாயிற்று.

இனித்தான் உங்கள் மகளுக்குரிய வேலை வருகிறது. இலத்திரனும் துளையும் (இலத்திரன் இல்லாத வெற்றிடம்) சேரும்போது நாலில் ஒரு பங்குதான் சுலபமாக ஒளியாகும். மற்ற மூன்று பங்கு வெப்பமாகப் போய்விடும். இரிடியம் போன்ற பார உலோகத்தைச் சேர்த்து அந்த மூன்று பங்கையும் மீட்டார்கள். ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் சிஹாயா அடாச்சியின் குழு 2012இல் உலோகமே இல்லாமல், மூலக்கூறின் வடிவத்தை மாற்றியே அதைச் செய்து காட்டியது. ஆனாலும் நீல நிறம் இன்றுவரை பிரச்சினைதான். நீல ஒளிக்குச் சக்தி கூட, மூலக்கூறு சீக்கிரம் உடைகிறது. ஆயுள் கூடிய நீலத்துக்குக் கம்பனிகள் காத்துக் கிடக்கின்றன.

லேசர் இன்னும் கடினம். இந்தப் பொருட்களுக்கு வெளியிலிருந்து ஒளியைப் பாய்ச்சினால் லேசராக ஒளிரும். நேரே மின்னைக் கொடுத்தால் வீணாகும் பங்கு உள்ளே தேங்கி, வந்த ஒளியையே உறிஞ்சிவிடும். கியூஷுக்காரர் 2019இல் நேரே மின்னால் லேசர் வருவதற்கான அறிகுறியைக் காட்டினார்கள். ஸ்கொட்லாந்தில் சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தினர் 2023இல் வேறு வழி பிடித்தார்கள்: மின்னை மிகப் பிரகாசமான ஒளிகாலும் படலத்துக்குக் கொடுத்து, அதன் ஒளியால் பக்கத்திலுள்ள லேசர்ப் படலத்தைத் தூண்டினார்கள். இந்தத் துறை முடிந்த துறை அல்ல, அவள் பட்டம் எடுத்து வரும்போதும் வேலை மிச்சமிருக்கும்.

தாய் இடையில் ஒன்று சொன்னார், தன் தங்கச்சி முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போனவ என்று. அதைக் கேட்டதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. உலோகம் குறைந்த மிதிவெடியை உலோகம் தேடும் கருவி கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்தச் சித்தியைக் கேட்டால் தெரியும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் திமொதி சுவேகர் ஒளிரும் பல்பகுதியப் படலங்களைச் செய்தார். ரி.என்.ரி. வெடிமருந்தின் ஆவி பட்டால் படலத்தின் ஒளி குறையும், அந்த மூலக்கூறு படலத்திலிருந்து இலத்திரனைப் பிடுங்கிக்கொள்வதால். ஒரேயொரு மூலக்கூறு ஒட்டினாலே நீண்ட சங்கிலி முழுதும் மங்கும், திருவிழாப் பந்தலில் ஒரு பல்ப் போனால் சரம் முழுதும் அணைவது மாதிரி. 2005இல் அங்கேயே அந்தப் படலத்தை லேசராக இயங்கவைத்துப் பார்த்தார்கள், உணர்திறன் பல மடங்கு கூடியது. கொடுக்கும் சக்தி ஒரு எல்லையைத் தாண்டினால்தான் லேசர் எழும். ஆகவே எல்லைக்குப் பக்கத்தில் சிறு தடங்கல் வந்தாலும் பளிச்சென்று தெரியும். சென் அன்ட்ரூஸ் குழு குரோவேசியாவில் தேனீக்களை வயலில் பறக்கவிட்டு, அவற்றின் மயிரில் ஒட்டி வரும் வெடிமருந்துத் துகளை இப்படிப்பட்ட படலத்தால் தேடிப் பார்த்திருக்கிறது. சித்தியின் கையிலுள்ள கருவிக்கு இது இன்னும் மாற்றாகவில்லை. ஆனால் இப்படியொரு படலத்தைச் செய்யும் ஆட்களுக்குள் வன்னிப் பிள்ளை ஒன்று இருந்தால் என்ன குறை?

சரி, வழி. விண்ணப்பத்தில் பௌதிக விஞ்ஞானத்தைப் போடுங்கோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை மேலே. முதல் வருசங்களில் இரசாயனத்தையும் பௌதிகத்தையும் விடவே கூடாது. புள்ளி எடுத்து இரசாயனத்தில் நாலு வருசச் சிறப்புப் பட்டத்துக்குப் போக வேண்டும். பெரியப்பா சொன்னதிலும் உண்மை இருக்கு. மூன்று வருசப் பொதுப் பட்டத்தோடு நின்றால் அவர் சொன்ன இடத்தில்தான் நிற்க வேண்டி வரும். யாழ். பௌதிகவியல் துறையில் பல்பகுதியச் சூரியக்கலங்களில் ஆய்வு நடக்கிறது. ஒளியை மின்னாக்கும் அந்தப் படலமும் மின்னை ஒளியாக்கும் இந்தப் படலமும் ஒரே குடும்பம், செய்முறையும் பெரும்பாலும் ஒன்று. இறுதி வருட ஆய்வுக்கு அந்தப் பக்கம் போய்க் கேட்கட்டும்.

வேலை எப்படி இருக்கும் என்பதையும் அறிந்து போக வேண்டும். மினுக்கமான வேலை அல்ல. சேர்வையைத் தயாரித்து, கண்ணாடிக் குழாயில் சிலிக்கா நிரப்பி, மேலிருந்து கரைப்பான் ஊற்றி, நிறம் நிறமாகப் பிரிந்து இறங்குவதைப் போத்தலில் பிடித்துக்கொண்டு நிற்பதில் பொழுது போகும். கழியூதா விளக்கைப் பிடித்தால் அதில் ஒரு பட்டை மட்டும் நீலமாக எரியும். அழுக்கு துளி இருந்தாலும் விளக்கு மங்கும், திரும்ப முதலிலிருந்து. பிறகு நைதரசன் நிரப்பிய பெட்டிக்குள் கையுறை வழியாகக் கையை விட்டு, நூறு நனோமீற்றர் அளவில் படலம் போட வேண்டும். காற்றும் ஈரமும் பட்டால் போச்சு. இதில் பொறுமை இல்லாத பிள்ளை போகக்கூடாது. இவளிடம் இருக்கு. நியமிப்புப் பரிசோதனையில் நிறம் மாறும் அந்த ஒரு துளிக்காக மூன்று தரம் திரும்பச் செய்து டீச்சரிடம் ஏச்சு வாங்கியவள் என்று தகப்பனே சொன்னார், குறையாகத்தான் சொன்னார்.

இலங்கையில் இந்தத் தொழிற்சாலை இல்லை, ஒளிக்காமல் சொல்கிறேன். திரைகள் செய்வது கொரியாவும் சீனாவும். அதற்குரிய சேர்வைகளை ஜேர்மனியில் மேர்க், ஜப்பானில் இடெமிட்சு, அமெரிக்காவில் யுனிவேர்சல் டிஸ்பிளே போன்றவை செய்கின்றன. ஆகவே பிஎச்டிக்கு வெளியே போகத்தான் வேணும். அதற்கும் காசு கட்ட வேண்டியதில்லை. நல்ல ஆய்வுகூடம் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதச் சம்பளமும் தரும், ஜப்பான் அரசின் புலமைப்பரிசிலும் இருக்கு. யாராவது ஏஜென்ற் பிஎச்டிக்கு இடம் எடுத்துத் தாறன், இவ்வளவு கட்டுங்கோ என்றால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கோ. இங்கே படிக்கும் நாலு வருசமும் கட்டணம் இல்லை. தகுதி இருந்தால் மகாபொல புலமைப்பரிசில், மீதி விடுதிச் செலவு. அதற்கு வயலின் போகமே காணும். கொழும்புக் கட்டணத்துக்கு வட்டி கட்டத் தொடங்கினால் அடுத்த போகத்துக்கு விதைநெல்லும் கடன்தான்.

மாமனின் காசை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மடிகணினி வாங்கிக் குடுக்கட்டும். பல்கலைக்கழகத்தில் பாடம் எல்லாம் ஆங்கிலம், தமிழில் படித்த பிள்ளைக்கு முதல் வருசம் அங்கேதான் தடக்கும். பெறுபேறு வந்து கம்பஸ் தொடங்கும்வரை இருக்கும் மாதங்களில் ஆங்கில வகுப்புக்கு அனுப்பட்டும். நாலாம் வருசத்தில் ஐ.ஈ.எல்.ரி.எஸ் சோதனைக்கும் விண்ணப்பக் கட்டணங்களுக்கும் அவர் உதவினால் அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

கலியாணம் பிந்தும் என்று தாய் வெளியே போகும்போது மெதுவாகச் சொன்னார். பிந்தட்டும், அம்மா. விண்ணப்பத்தின் தெரிவு ஒழுங்கைப் பிள்ளை தன் கையால் எழுதட்டும், பக்கத்தில் பெரியப்பா இருக்க வேண்டாம்.