குடத்தின் ஓசையும் கோட்டாற்றுக் காற்றும்: ஒலி, ஒளி, படக் கருவிகள் பற்றிக் கேள்வி பதில்

குமரி மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்திருக்கிறேன். காசு கொடுக்காமல் பயன்படுத்தக்கூடிய கருவிகளையே சொல்கிறேன்.

ஆரல்வாய்மொழி, கல்லூரி மாணவி: அக்கா, கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டைக் கைபேசியில் பதிவு செய்தேன். காற்று பாட்டையே விழுங்கிவிட்டது. ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்தக் கருவியில் சரிசெய்ய முடியுமா?

ஓரளவு முடியும் தங்கச்சி. முதலில் மூலப்பதிவை அப்படியே ஒரு நகல் எடுத்துவையுங்கள். வேலை எல்லாம் நகலில்தான்.

ஜெனரேட்டர் போலச் சீராக ஓடும் இரைச்சலை ஆடாசிட்டி நன்றாகவே குறைக்கும். பாட்டு தொடங்குமுன், யாரும் பேசாத இரண்டு மூன்று வினாடிகளைத் தேர்ந்து, ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ பகுதியில் மாதிரியாகக் கொடுங்கள். பிறகு பதிவு முழுவதையும் தேர்ந்து 6 முதல் 12 டெசிபெல் வரை குறைத்துப் பாருங்கள். பேராசைப்பட்டு மேலும் குறைத்தால் பாடும் புலவரின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். வில்லில் கட்டிய மணிகள் தகரம்போல் ஒலிக்கும்.

காற்றின் கதை வேறு. அது மைக்கின் மீதே வந்து மோதுகிறது. ஒரு நேரம் போல் மறுநேரம் இருப்பதில்லை. அதனால் மாதிரிக்குள் அடங்காது. தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ‘ஹை பாஸ் ஃபில்டரை’ 80 ஹெர்ட்ஸில் வைத்தால் அடியில் உறுமும் பகுதி பெருமளவு போய்விடும், குரலுக்குச் சேதமில்லை. 150, 200 என்று ஏற்றிவிடாதீர்கள். குடத்தின் கனம் போய்விடும். குடத்தின் முழக்கம் இல்லாத வில்லுப்பாட்டை என்னால் கேட்கவே முடியாது.

ஒலி அலையின் உச்சிகள் கத்தரித்ததுபோல் தட்டையாகத் தெரிகிற இடங்களைத் தேடிப் பாருங்கள். அங்கே ஓசை அளவுமீறிப் பதிவாகியிருக்கிறது. இழந்ததை எந்தக் கருவியும் முழுமையாக மீட்டுத் தராது. காற்றாலைகள் நிற்கும் ஊர் உங்களுடையது. அடுத்த கொடைக்குக் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, மைக் துளையின் மேல் மெல்லிய ஸ்பாஞ்சு ஒன்றை வையுங்கள். ஸ்பீக்கர் பெட்டியின் அருகே போகாமல், வீசுகோல் வில்லில் விழும் ஓசை நேராகக் கேட்கும் தொலைவில் இருங்கள். இந்த ஒரு மாற்றம், பிறகு கணினியில் செலவிடும் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

தோவாளை, பூ வியாபாரி: பூக்களின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மங்கிவிடுகிறதே?

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். இணைக்கும்போது ‘டாக்குமெண்ட்’ வழியாக அனுப்புங்கள். எடுத்த படம் எடுத்தபடியே போய்ச் சேரும்.

தக்கலை, பள்ளி ஆசிரியை: பத்மநாபபுரம் அரண்மனை பற்றி மாணவர்கள் எடுத்த வீடியோவுக்குத் தமிழில் வசனவரி சேர்த்தோம். எழுத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறிகளே வருகின்றன.

டீச்சர், கோப்பைச் சேமித்த விதத்தில்தான் கோளாறு. நோட்பேடில் ‘சேவ் ஆஸ்’ கொடுக்கும்போது கீழே ‘என்கோடிங்’ என்று இருக்கும். அதில் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே கேள்விக்குறியாகிவிட்ட கோப்பிலிருந்து தமிழை மீட்க முடியாது, மறுபடி தட்டச்சு செய்யவேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எஸ்ஆர்டி எனும் வசனவரிக் கோப்பில் நேரத்தை 00:00:05,200 என்று எழுதவேண்டும். வினாடிக்குப் பின் வருவது காற்புள்ளி. பலர் அங்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத் தவிக்கிறார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் ஒரு வரிக்கு நாலைந்து சொற்கள் போதும்.

மார்த்தாண்டம், தேனீ வளர்ப்பவர்: யூடியூப் வீடியோவில் சினிமாப் பாட்டைப் பத்து வினாடி மட்டும் போட்டால் பதிப்புரிமைப் பிரச்சினை இல்லை என்கிறார்களே?

அப்படி ஒரு விதியே கிடையாது, அண்ணே. யூடியூபின் தானியங்கிச் சோதனை சில வினாடிப் பாட்டையும் கண்டுபிடித்துவிடும். யூடியூப் ஸ்டுடியோவிலேயே இலவச இசைத் தொகுப்பு இருக்கிறது. 2004-இல் தொடங்கிய விக்கிமீடியா காமன்ஸில் ஒலியும் படமும் கிடைக்கும், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். ஆனால் ஒவ்வொன்றின் கீழும் உள்ள நிபந்தனையைப் படித்து, கேட்டிருந்தால் ஆக்கியவர் பெயரைக் கட்டாயம் போடுங்கள். உங்களுக்கு இன்னொரு யோசனை: கூட்டைத் திறக்கும்போது எழும் ரீங்காரத்தையே பதிவு செய்து பின்னணியில் விடுங்கள். அதைவிடப் பொருத்தமான இசை எது?

குளச்சல், ஐடிஐ மாணவர்: ஃபோட்டோஷாப் வாங்க வசதியில்லை. கற்றுக்கொள்ள வழி உண்டா?

ஃபோட்டோபியா என்ற தளத்தை பிரவுசரில் திறங்கள் தம்பி. லேயர், மாஸ்க் எல்லாம் ஏறக்குறைய ஃபோட்டோஷாப் போலவே இருக்கும். ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்புகளையும் திறக்கும்.

திருவட்டாறு, ஓய்வுபெற்ற அலுவலர்: வெளிநாட்டிலிருக்கும் பேரக்குழந்தைகளுக்கு ஊரைக் காட்டும் வீடியோ செய்யவேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

மாத்தூர் தொட்டிப்பாலத்திலிருந்து தொடங்குங்கள் ஐயா, உங்களுக்குப் பக்கம்தானே. கைபேசியைப் படுக்கவாட்டில் பிடித்து ஆறு காட்சிகள், ஒவ்வொன்றும் பத்து வினாடி. பிடித்த கையை அசைக்கவேண்டாம்; ஓடும் தண்ணீர் அசையட்டும். கீழே நின்று தூண்களை ஒருமுறை, மேலே நடந்து பள்ளத்தாக்கை ஒருமுறை எடுங்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, அந்தப் பாலத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை உங்கள் குரலிலேயே ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். இரண்டையும் ஓப்பன்ஷாட் என்ற இலவசக் கருவியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் வீடியோ தயார். முடித்ததும் எனக்கும் அனுப்புங்கள், டாக்குமெண்டாக.