ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்து எதைப் பார்ப்பது?

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு நாகர்கோவிலில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். எண்களோடு மட்டும் இருப்பது அலுத்துவிட்டது. குழந்தைகளோடு இருக்கிற வேலைக்குப் போகலாம் என்று ஆசை. சர்ச்சில் ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன், மே மாதம் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்துகிறேன், பிள்ளைகள் என்னோடு ஒட்டிக்கொள்வார்கள். வேலையை விடுவதற்கு முன் நேரில் பார்த்துவிடலாம் என்று திருவட்டார் பக்கம் ஒரு அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் உட்கார அனுமதி வாங்கினேன். அங்கே தலைமையாசிரியை எங்கள் சொந்தக்காரர். முதல் நாள் மதியத்துக்குள் தலைவலி வந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் என்ன நடக்கிறது என்றே பிடிபடவில்லை. நான் இதற்கு லாயக்கில்லையா? இன்னும் ஒரு வாரம் லீவு இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்? அம்மாவோ பி.எட். விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு நிரப்பச் சொல்கிறார். (பெயர் வேண்டாம், தக்கலை)

பதில்:

தலைவலியை வைத்து முடிவு எடுக்காதீர்கள். பணி ஓய்வு வரைக்கும் தொடக்கப் பள்ளியிலேயே இருந்தவள் நான். புதிதாக வந்து சேர்ந்த எந்த டீச்சரும் முதல் வாரத்தில் தலையைப் பிடித்துக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனதில்லை. தொண்டை வேறு கட்டிக்கொள்ளும். குளச்சலில் மீன் ஏலம் நடக்கும்போது தூரத்தில் நின்றால் வெறும் கூச்சல். பக்கத்தில் போய் நின்றால் விலை கேட்கும். ஒன்றாம் வகுப்பும் அப்படித்தான். 'டீச்சர், எனக்க பென்சில இவன் எடுத்தான்' என்பது ஒரு சத்தம். 'டீச்சர், வெள்ளம் குடிச்சிட்டு வரட்டா' என்பது இன்னொன்று. பாட்டு மூன்றாவது. எல்லாச் சத்தமும் திடீரென்று நின்றுபோவது நாலாவது, அதற்குத்தான் டீச்சர் சட்டென்று திரும்பிப் பார்ப்பார். இரண்டு மூன்று நாள் போனால் உங்கள் காதே பிரித்துக் கொடுத்துவிடும்.

எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். டீச்சரைப் பார்க்காதீர்கள், குறைந்தது முதல் இரண்டு நாளாவது. பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் டீச்சரைத்தான் பார்க்கிறார்கள். நாம் நின்றால் எப்படி நிற்போம் என்று மனசுக்குள் ஒத்திகை ஓடும், வகுப்பு கண்ணில் படாது. ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பேர் கேட்கிற பிள்ளை வேண்டாம். அழுகிற பிள்ளையும் வேண்டாம். இவர்களை யார் வேண்டுமானாலும் கவனிப்பார்கள். நடுவில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒன்று இருக்கும். ஒரு முழுக் காலை அதை மட்டும் பாருங்கள்.

பாட்டுப் பாடும்போது அதன் வாயைக் கவனியுங்கள். மற்ற பிள்ளைகள் சொல்லி முடித்த பிறகு அரை நொடி தாமதமாக உதடு அசைகிறதா? அப்படியானால் அதற்குப் பாட்டு தெரியாது, கூடவே ஓட்டிக்கொண்டு போகிறது. டீச்சர் 'எல்லாரும் நோட்டை எடுங்க' என்றதும் அது முதலில் பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்க்கிறதா, பிறகு தன் பைக்குள் கை விடுகிறதா? சொன்னது காதில் விழவில்லையோ, புரியவில்லையோ, பயமோ. மூன்றில் எது என்று அன்றைக்கே தெரியாது. அடுத்த நாளும் பார்க்க வேண்டும். இந்த வேலையில் பாதி நேரம் இதற்குத்தான் போகிறது. வெளியே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

பள்ளிக்கு மணி அடித்த பிறகு போகிறீர்கள் என்று நினைக்கிறேன். நாளைக்குச் சீக்கிரமே போய்விடுங்கள். 2024 ஜூலையிலிருந்து ஊரகப் பகுதி உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளிலும் முதலமைச்சரின் காலை உணவு உண்டு. உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ தட்டில் விழும் அந்த நேரத்தில், யார் வீட்டில் என்ன நிலை என்பது கொஞ்சம் தெரியும். நீங்கள் போகிற பக்கம் ரப்பர் அதிகம். பால்வெட்டுக்கு விடியும் முன்னே போய்விடும் அப்பா, அண்டியாபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, கிளம்பிப் போகிற அம்மா, பாட்டி கையால் சீவின தலையோடு வரும் பிள்ளை. எட்டரை மணிக்கே கண் சொக்கி உட்கார்ந்திருக்கிறது என்றால் அது சோம்பேறி இல்லை, வீட்டோடு சேர்ந்து அதுவும் எழும்பியிருக்கிறது. மழை நாள் வெட்டு நடக்காது. அது தொடர்ந்தால் வீட்டில் பண நெருக்கடி வரும், அதுவும் வகுப்புக்குள் எங்கேயாவது வந்து எட்டிப் பார்க்கும். வருகைப் பதிவேட்டில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

இனி டீச்சரைப் பாருங்கள். ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' வந்த பிறகு ஒரே அறையில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்திருப்பார்கள். எழுத்தே இன்னும் பிடிபடாத பிள்ளை ஒரு பக்கம், வாசித்துக்கொண்டு போகிற பிள்ளை ஒரு பக்கம். டீச்சர் அரும்புப் பிள்ளைகளோடு தரையில் உட்காரும்போது மற்ற இரண்டு கூட்டமும் என்ன செய்கிறது என்று பாருங்கள். அங்கேதான் ஒரு டீச்சரின் திறமை இருக்கிறது. கரும்பலகை முன்னால் நின்று கணீரென்று பாடம் நடத்துவதை எல்லாரும் புகழ்வார்கள். முதுகுக்குப் பின்னால் இருக்கும் பதினைந்து பிள்ளைகளுக்கு வேலை கொடுத்துவிட்டு, முன்னால் இருக்கும் ஐந்து பேரோடு நிதானமாக இருப்பதைத்தான் நான் புகழ்வேன். இடையில் டீச்சர் போனைக் கையில் எடுத்தால் வாட்ஸ்அப் என்று நினைத்துவிடாதீர்கள். கல்வித் துறையின் எமிஸ் பதிவுக்காக வருகையும் மதிப்பீடும் செயலியில் ஏற்ற வேண்டும். எமிஸ் என்று பெருமூச்சு விட்டால் அர்த்தம் அதுதான்.

நீங்கள் கணக்குப் படித்தவர். அதனால் உங்களுக்கென்றே ஒரு சோதனை வைக்கிறேன். இரண்டாம் வகுப்பில் 'இருபத்தொன்று எழுதுங்க' என்று டீச்சர் சொல்லும்போது நோட்டுகளைச் சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது 201 என்று இருக்கும். மூன்றாம் வகுப்பு நோட்டு கையில் கிடைத்தால் 52-இலிருந்து 28-ஐக் கழித்து 36 என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். தேடாமலே கிடைக்கும். 201 எழுதின பிள்ளை காதில் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறது: முதலில் இருபது, பக்கத்தில் ஒன்று. 36 எழுதினது ஒவ்வொரு நிரலிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது, எட்டிலிருந்து இரண்டு, ஐந்திலிருந்து இரண்டு. இரண்டிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. தமிழ் நோட்டிலும் உண்டு. 'கெ' எழுதச் சொன்னால் சில பிள்ளைகள் ககரத்தை எழுதிவிட்டு, அதற்குப் பின்னால் கொம்பு போடும். காதுக்கு முதலில் கேட்பது க்தானே? நாமே அல்லவா கொம்பை முன்னால் வைத்திருக்கிறோம்!

அந்த 201-ஐப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்பதை நேர்மையாகக் கவனியுங்கள். 'ஐயோ, இதுகூடத் தெரியவில்லையே' என்று எரிச்சல் வரலாம். ஆடிட்டர் ஆபீசில் தப்பைக் கண்டால் சிவப்பு மையில் சுழித்துப் பழகின கை, அது இயல்புதான். ஆனால் எரிச்சலுக்குப் பின்னால் 'இது எப்படி யோசித்து இங்கே வந்து நின்றது?' என்று ஓர் ஆர்வமும் தலைகாட்டுகிறதா? அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, 'மக்களே, இத எப்படிப் போட்டா, சொல்லு' என்று கேட்கத் தோன்றுகிறதா? தோன்றினால் நீங்கள் இந்த வேலைக்கு ஆகும் ஆள். ஒரு வாரம் முழுக்க ஒரு தடவைகூடத் தோன்றவில்லை என்றால், குழந்தைகள்மேல் உங்களுக்கு இருக்கும் பிரியம் உண்மைதான், ஆனாலும் வகுப்பறை உங்களுக்கு அலுத்துப்போகும். ஆடிட்டர் ஆபீசைவிடச் சீக்கிரமே அலுக்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வி.பி.எஸ். பற்றி எழுதியிருந்தீர்கள். கைதட்டிப் பாட்டு, கதை, கலர் பேப்பர், கடைசி நாள் கலைநிகழ்ச்சி. நல்ல விஷயம், நானும் நடத்தியிருக்கிறேன். அங்கே பிள்ளை படிக்கவில்லை என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். பள்ளியோ சட்டப்படி குறைந்தது 200 நாள், அதே அறை, அதே பிள்ளைகள், நேற்றுச் சொன்ன அதே எழுத்து இன்றைக்கு மறந்துபோயிருக்கும். அதனால் உற்சாகமான காலை நேரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்கு மேல், ஃபேன் சுற்றினாலும் புழுங்குகிற அந்த நேரத்திலும் இருங்கள்.

அங்கே நீங்கள் விருந்தாளி, அதற்கான சில கட்டுப்பாடுகள் உண்டு. படம் எடுக்க வேண்டாம், ஸ்டேட்டஸ் போடவே வேண்டாம். உங்கள் குறிப்பேட்டில்கூடப் பிள்ளையின் பேரை எழுதாதீர்கள். கழிப்பறைக்குத் தனியாகக் கூட்டிப்போகாதீர்கள், அதற்கு ஆள் இருப்பார்கள். 'நான் ஒரு பாடம் எடுக்கட்டுமா' என்று கேட்பதை ஒத்திப்போடுங்கள். பென்சில் சீவிக் கொடுப்பது, நோட்டு அடுக்குவது போதும். தாளாளருக்கும் விஷயம் தெரியுமா என்று சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிறகு அவருக்குத் தொந்தரவு வரக்கூடாது.

கம்பைப் பார்க்க நேர்ந்தால்? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் தடை செய்திருக்கிறது. பிள்ளைகள் முன்னால் டீச்சரோடு வாக்குவாதம் வேண்டாம், அன்றைக்கே தலைமையாசிரியையிடம் சொல்லுங்கள். சொந்தக்காரர் என்ற கூச்சம் இதில் கூடாது. காயம் படுகிற அளவு என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

இனி அம்மா விஷயம். சிறு பிள்ளைகளுக்குத்தான் என்றால் பி.எட். உங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்காது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், பி.எட். படித்தவர்கள் தொடக்க வகுப்பு ஆசிரியர் பணிக்குத் தகுதியில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஒன்று முதல் ஐந்து வரைக்கும் வேண்டியது தொடக்கக் கல்விப் பட்டயம், இரண்டு வருடப் படிப்பு. பிளஸ் டூவில் 50 சதவீதம் வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. நம் மாவட்டத்தில் தேரூரில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அறிவிப்பு வரும்போது வயது வரம்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். முடித்தபின் ஆசிரியர் தகுதித் தேர்வில் முதல் தாள். அதில் தேறினாலும் அரசுப் பள்ளிக்கு 2018 அரசாணைப்படி தனியாக ஒரு நியமனத் தேர்வு எழுத வேண்டும். காத்திருப்பு நீளும். அதுவரை தனியார் பள்ளி என்றால் இப்போது வாங்குகிற சம்பளத்தைவிடக் குறைவாகவே இருக்க வாய்ப்பு. அம்மாவிடம் இதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பட்டதாரிக்குத் திரும்பவும் பிளஸ் டூ தகுதியில் ஒரு படிப்பா என்று வீட்டில் பேச்சு வரும். வரட்டும். ஆறாம் வகுப்புக்கு மேல் கணக்கு எடுப்பதுதான் பிடிக்கும் என்று இந்த வாரத்தில் தெரியவந்தால் பி.எட். சரியான வழிதான். பக்கத்து நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் ஒரு நாள் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவேளை நான் சொன்ன அந்தச் சத்தமில்லாத பிள்ளையே உங்கள் மனசை முழுக்கப் பிடித்துக்கொண்டால், மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் படிப்பையும் யோசிக்கலாம். வட்டார வள மையத்தில் அப்படிப்பட்டவர்கள் வேலை பார்க்கிறார்கள். தலைமையாசிரியையிடம் கேட்டால் அவர்கள் பள்ளிக்கு வரும் நாளைச் சொல்வார், அன்றைக்கு நீங்களும் இருங்கள். இந்தியப் புனர்வாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பா என்று மட்டும் பார்த்துச் சேருங்கள்.

பி.எட். விண்ணப்பம் அதுவரை அம்மாவின் அலமாரியிலேயே இருக்கட்டும். ஆபீசிலும் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம்.