மறு: எச்எம்-2 பெடலில் 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' ஒலி வரவில்லை

நண்பரே, பாஸ் நிறுவனத்தின் எச்எம்-2 டிஸ்டார்ஷன் பெடலில் (கிதார் ஒலியைக் கரகரப்பாக்கும் மிதிகருவி) நான்கு குமிழ்களையும் முழுசாகத் திருப்பியும் ஸ்வீடன் டெத் மெட்டல் குழுவான என்டூம்டின் 1990 ஆல்பமான 'லெஃப்ட் ஹேண்ட் பாத்'தின் ஒலி வரவில்லை, தேனீக் கூட்டம்போல இரைகிறது என்று எழுதியிருந்தீர்கள். திருப்பியது சரிதான். ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் அந்த ஒலி பிறந்ததே அப்படித் திருப்பித்தான்.

சிக்கல் ஆம்ப்பில் (கிதார் ஒலிபெருக்கியில்) இருக்கும். இந்தப் பெடல் 1 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை ஏற்கெனவே பயங்கரமாகத் தூக்குகிறது. அதற்கு மேல் ஆம்ப்பின் ட்ரெபிளையும் (உச்ச ஒலிகளையும்) ஏற்றினால் இரைச்சல்தான் மிஞ்சும். ட்ரெபிளைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள், ஆம்ப்பிலேயே கொஞ்சம் டிஸ்டார்ஷன் வையுங்கள், கம்பிகளை நன்றாகத் தாழ்த்திச் சுருதி சேருங்கள்.

முக்கியமாக, தனியாக வாசித்துப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். தலைப்புப் பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். கிதாரின் கரகரப்புக்கு அடியில் பேஸ் எவ்வளவு இடத்தை நிரப்புகிறது! நிக்கி ஆண்டர்சனின் டிரம்ஸில் பங்க் வேகம் வேறு. எனக்கு அந்த ஆல்பத்தின் உயிரே அந்தச் சேர்க்கைதான்.

இன்னொரு ஸ்வீடன் குழுவான டிஸ்மெம்பர் 1991இல் அதே ஸ்டுடியோவில் பதிவு செய்த முதல் ஆல்பத்தையும் கேளுங்கள். அதே பாணி, இன்னும் மூர்க்கமாக.

அப்புறம், பெடலுக்குப் பின்னால் ஒரு நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் கருவி) கட்டாயம் போடுங்கள்.